எட்டு அட்டைகளில் ஒரு குற்றக் கதை

(1970–73 ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர் ஒருவர்)

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும் அண்ணா. அமெரிக்க அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்களேன்" என்று நம் சங்கத்தின் இளம் செயலாளர் போனில் கேட்டார். அமெரிக்க அனுபவம் என்றால் என்ன எழுதுவது? பனி கொட்டுகிறது, இட்லி மாவு புளிக்க மாட்டேன் என்கிறது, இதையெல்லாம் போன மலர்களிலேயே நம் நண்பர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதனால் நாற்பது வருஷமாக என்னைப் பிடித்து ஆட்டும் ஒரு பைத்தியத்தைப் பற்றி எழுதுகிறேன். சரித்திரக் கட்டுரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்சம் சொந்தக் கதையும் வரும், பொறுத்தருள்க.

நான் சேர்ப்பது அட்டை. சினிமா அட்டை. அமெரிக்காவில் இதற்கு லாபி கார்டு என்று பெயர்.

நம் நாளில் ஞாயிற்றுக்கிழமை மெஸ் சாப்பாட்டை முடித்துவிட்டு மாட்டினி ஷோவுக்கு ஓடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? தரை டிக்கெட் கியூவில் நிற்கும்போது வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் படத்தின் ஸ்டில்கள் குண்டூசியில் குத்தியிருக்கும். "சண்டை எத்தனைடா இருக்கும்?" என்று அதைப் பார்த்தே ஜோசியம் சொல்வோம். அமெரிக்கத் தியேட்டர்காரர்களும் அதையேதான் செய்தார்கள், கொஞ்சம் ஒழுங்குமுறையோடு. பதினோரு அங்குல உயரம், பதினான்கு அங்குல அகலத்தில் தடித்த காகித அட்டை. பெரும்பாலும் ஒரு படத்துக்கு எட்டு அட்டை கொண்ட ஒரு செட். முதல் அட்டையில் படத்தின் பெயரும் நடிகர் பெயர்களும் பெரிசாக இருக்கும், அது டைட்டில் கார்டு. மற்ற ஏழும் காட்சி அட்டைகள். 1910களில் தொடங்கிய இந்தப் பழக்கம் 1980களில் ஓய்ந்துபோயிற்று.

இந்த அட்டைகளிலும் நான் சேர்ப்பது ஒரே ஒரு வகை: சினிமா பேச ஆரம்பித்த முதல் ஆறேழு வருஷங்களில் வந்த குற்றப் படங்களின் அட்டைகள். ஏன் அது மட்டும் என்பதற்குத்தான் சரித்திரம் வேண்டும்.

துப்பாக்கிக்குக் குரல் வந்த கதை

1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. அது முழுக்கப் பேசும் படம் இல்லை. சில பாட்டுகள், சில வசனங்கள், மற்றதெல்லாம் மௌனப்படம். முதல் காட்சியிலிருந்து கடைசிவரை பேசிய முதல் முழுநீளப் படம் 1928 ஜூலையில் வெளியான 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்'. வார்னர் பிரதர்ஸ் எடுத்தது, இயக்கியவர் பிரையன் ஃபாய். ஓடும் நேரம் 57 நிமிடம். இரண்டு ரீல் துண்டுப் படமாகத் தொடங்கியதை இழுத்துப் பெரிசாக்கினார்கள். செலவு சுமார் 23,000 டாலர். வசூலோ பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதன் கதை என்ன தெரியுமோ? கள்ளச்சாராயக்காரர்களிடம் மாட்டிக்கொண்ட ஒரு பார்பர் கதை! ஆக அமெரிக்க சினிமா முழுசாக வாய் திறந்ததே ஒரு குற்றக் கதையைச் சொல்லத்தான்.

இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அக்கால மைக்கை அசைக்க முடியாது. பூச்சாடிக்குள்ளோ மேஜை மேலோ ஒளித்து வைத்திருப்பார்கள். நடிகர்கள் அதைச் சுற்றி நின்றுகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள், நம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் மனப்பாடம் மறந்தவன் மாதிரி. ஆனால் மூன்றே வருஷத்தில் எல்லாம் மாறிப்போயிற்று. 1931 ஜனவரியில் 'லிட்டில் சீசர்', ஏப்ரலில் 'தி பப்ளிக் எனிமி', 1932இல் 'ஸ்கார்ஃபேஸ்'. எட்வர்ட் ஜி. ராபின்சன், ஜேம்ஸ் காக்னி, பால் முனி என்ற மூன்று பேர் பேசிய வேகத்தில், சினிமாவில் மனிதர்கள் எப்படிப் பேசுவது என்பதே புதிதாக எழுதப்பட்டது.

அந்தக் காலகட்டம் அப்படி. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. கள்ளச்சாராயப் பணத்தில் கொழுத்த கும்பல்கள் நகரங்களையே ஆண்டன. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிற்க வைத்துச் சுட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. வேலை போனவன் பத்து, இருபது காசு கொடுத்து இருட்டில் உட்கார்ந்து, தன்னைப் போலவே சேரியில் பிறந்த ஒருவன் துப்பாக்கியைத் தூக்கி மேலே ஏறுவதையும், கடைசியில் சாக்கடையில் விழுவதையும் பார்த்தான். எந்தப் பகுதிக்குக் கைதட்டினான் என்பதுதான் பெரியவர்களின் கவலை.

ஒரு தேதிப் பொருத்தம் சொல்கிறேன். சிகாகோ தாதா அல் கபோனுக்கு வருமானவரி ஏய்ப்புக்காக 11 வருஷம் தண்டனை விதித்தது 1931 அக்டோபர் 24. சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 31 அன்று, சென்னையில் நம் முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வெளியாயிற்று. அங்கே டாமி கன் தடதடத்த வருஷத்தில்தான் இங்கே டி.பி. ராஜலட்சுமி பாடத் தொடங்கினார்.

கவலைப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1930லேயே ஹாலிவுட்டுக்கு ஒரு ஒழுக்க விதித் தொகுப்பு எழுதி வைத்திருந்தார்கள். யாரும் மதிக்கவில்லை. 1934 ஜூலையிலிருந்து ஜோசப் பிரீன் என்பவர் தலைமையில் அதைக் கறாராக அமல்படுத்தினார்கள். சான்றிதழ் இல்லாமல் பெரிய கம்பெனிப் படம் எதுவும் வெளிவர முடியாது. அடுத்த வருஷமே, 1935இல், அதே காக்னி 'ஜி மென்' படத்தில் போலீஸ் பக்கம் துப்பாக்கி பிடித்தார். ஆக 1928 முதல் 1934 வரை ஒரு சின்ன ஜன்னல் திறந்து மூடியது. அந்த ஜன்னல் வழியாக வந்த காகிதம்தான் நான் தேடுவது.

அட்டை எப்படி அருமையாயிற்று?

இந்த அட்டைகளை யாரும் பத்திரப்படுத்துவதற்காக அச்சடிக்கவில்லை. தியேட்டர்காரர் வாடகைக்கு வாங்குவார், படம் போனதும் திருப்பி அனுப்புவார். அது அடுத்த ஊருக்குப் போகும். நாலு ஊர் பார்த்த அட்டையின் மூலையில் நாலு ஊர் குண்டூசித் துளைகள் இருக்கும். கடைசியில் குப்பைக்குப் போகும். இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் திரட்டும் இயக்கம் நடந்ததே, அதில் போனவை எத்தனையோ.

பிழைத்தவை விசித்திரமான இடங்களில் பிழைத்தன. பென்சில்வேனியாவில் பெர்விக் என்ற ஊரில் ஒரு வீட்டுப் பரணில், 1930, 31ஆம் வருஷத்துப் போஸ்டர்கள் 33, சுவர்க் காகிதம் ஒட்டும் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரே பாளமாகக் கிடந்தன. ஆவி காட்டிப் பொறுமையாகப் பிரித்தெடுத்து 2012இல் ஏலம் விட்டார்கள். 'டிராகுலா'வும் 'தி பப்ளிக் எனிமி'யும் அதற்குள் இருந்தன. யாரோ ஒருவர் ஒவ்வொரு வாரமும் பழையதைக் கிழிக்கச் சோம்பல்பட்டு மேலேயே ஒட்டிக்கொண்டு போன புண்ணியம்! சோம்பலும் சில சமயம் சரித்திரத்துக்குத் தொண்டு செய்கிறது. (மாணவர்கள் இதை முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம்.)

அட்டையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். படம் கறுப்பு வெள்ளை. அட்டையோ பெரும்பாலும் வண்ணம். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கு ஓவியர் தன் இஷ்டத்துக்கு வண்ணம் ஏற்றியிருப்பார். கதாநாயகியின் கவுன் பச்சையா சிவப்பா என்பது கடவுளுக்கும் அந்த ஓவியருக்குமே வெளிச்சம். இரண்டாவது, அட்டையில் இருப்பது படச்சுருளிலிருந்து எடுத்த காட்சி இல்லை. படப்பிடிப்புத் தளத்தில் தனியாக ஸ்டில் கேமராக்காரர் எடுத்தது. அதனால் கத்தரிக்கப்பட்ட காட்சிகூடச் சில சமயம் அட்டையில் தங்கிவிடும். படத்தில் இல்லாதது அட்டையில் இருக்கும். அட்டை சொல்லாததைப் படம் சொல்லும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான் இந்தப் பைத்தியத்தின் ருசி.

ஓர் உதாரணம். 1929இல் வந்த 'தி கனாரி மர்டர் கேஸ்'. மௌனப்படமாக எடுத்து முடித்ததைப் பேசும்படமாக மாற்ற நினைத்தார்கள். நாயகி லூயிஸ் புரூக்ஸ், வந்து வசனம் பேச முடியாது என்று மறுத்துவிட்டார். வேறொரு நடிகை, மார்கரெட் லிவிங்ஸ்டன், குரல் கொடுத்தார். அட்டையில் இருக்கும் முகம் புரூக்ஸுடையது. தியேட்டரில் கேட்ட குரல் வேறொருவருடையது. அட்டை மௌனமாக இருப்பதால் பொய் சொல்லாமல் தப்பித்தது!

இன்னொன்று 'ஸ்கார்ஃபேஸ்'. ஹோவார்ட் ஹியூஸ் தயாரித்து, ஹோவார்ட் ஹாக்ஸ் இயக்கியது. தணிக்கைக்காரர்கள் விட்டேனா பார் என்று நின்றார்கள். பெயரோடு 'தேசத்தின் அவமானம்' என்று பொருள்படும் ஒரு துணைத்தலைப்பைச் சேர்த்தார்கள். தாதாவைத் தூக்கில் போடுவதாக வேறொரு முடிவும் எடுத்தார்கள். அதில் நடிக்கப் பால் முனி இல்லாததால் அவர் முகத்தைக் காட்டாமலேயே தூக்கில் போட்டார்கள். பிற்பாடு ஹியூஸ் படத்தையே முடக்கி வைத்துக்கொண்டார். 1976இல் அவர் காலமான பிறகுதான் அமெரிக்காவில் அது மறுபடி ஒழுங்காகப் பார்க்கக் கிடைத்தது. இடைப்பட்ட வருஷங்களில் அந்தப் படத்தைப் பார்க்க விரும்பியவனுக்குக் கைக்கு எட்டக்கூடியதாக இருந்தவை இந்த அட்டைகளும் ஸ்டில்களும்தாம்.

வீட்டுக்குப் பக்கத்தில் எரிந்தது

நான் 1978இல் நியூஜெர்சிக்கு வேலைக்கு வந்தேன். பெயிண்ட் தொழிற்சாலையில் கெமிஸ்ட். 1985 வாக்கில் ஒரு சனிக்கிழமை, பழைய சாமான் சந்தையில் ஒரு கிழவரின் மேஜை அடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் கிளறினேன். ஓரம் கிழிந்த அட்டை ஒன்று வந்தது. 'சார்லி சான் கேரீஸ் ஆன்', 1931, ஃபாக்ஸ் கம்பெனி. நாற்பது டாலர் சொன்னார், முப்பதுக்கு வாங்கினேன். "இந்தக் கிழிஞ்ச அட்டைக்கா முப்பது டாலர்? ஏங்க, உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்றாள் என் மனைவி. முப்பது டாலருக்கு அப்போது ஒரு வாரக் காய்கறி வாங்கலாம்.

சார்லி சான் என்பவர் எர்ல் டெர் பிக்கர்ஸ் எழுதிய நாவல்களில் வரும் சீனத் துப்பறிவாளர். நடித்தவர் வார்னர் ஓலண்ட், சீனர் இல்லை, ஸ்வீடன்காரர். அக்கால ஹாலிவுட்டின் வழக்கம் அது. ஆசிய முகத்தை ஆசியனுக்குக் கொடுக்க மாட்டார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனாலும் அட்டையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. காரணம், அதை வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் படம் இன்று உலகில் இல்லை. ஓலண்ட் நடித்த சார்லி சான் படங்களில் நான்கின் பிரதிகள் தொலைந்தே போய்விட்டன: 1931இல் வந்த இது, பிறகு 'சார்லி சான்ஸ் சான்ஸ்', 'சார்லி சான்ஸ் கிரேட்டஸ்ட் கேஸ்', 'சார்லி சான்ஸ் கரேஜ்'. அதே கதையை ஸ்பானிஷ் மொழியில் வேறு நடிகர்களை வைத்து எடுத்த 'எரான் ட்ரேசே' மட்டும் தப்பித்தது. மூலம் போய், உடன்பிறப்பு பிழைத்தது.

இதைத் தேடிப் படிக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. என் வீட்டிலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் லிட்டில் ஃபெரி என்ற சிற்றூர். அங்கேதான் ஃபாக்ஸ் கம்பெனியின் படச்சுருள் கிடங்கு இருந்தது. 1937 ஜூலை 9. கடும் வெயில் காலம். அந்நாளைய படச்சுருள் நைட்ரோ செல்லுலோஸால் ஆனது. நம் ஆய்வகத்தில் படித்ததுதான், வெடிமருந்துப் பஞ்சுக்கு அண்ணன் தம்பி. கெட்டுப்போகப் போக வாயுவும் சூடும் வெளியாகும். காற்றோட்டம் இல்லாத அறையில் தானே பற்றிக்கொள்ளும். பற்றியது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தருகிற பொருள், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. ஓர் உயிர் போனது, ஃபாக்ஸின் பழைய படங்களில் பெரும்பகுதியும் போனது. நான் தினம் கடந்துபோகும் சாலைக்கு அந்தப் பக்கம் இவ்வளவு பெரிய சிதை எரிந்திருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. அன்று இரவு அந்த முப்பது டாலர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு இது பொழுதுபோக்கு இல்லை.

ஏமாந்த கதை

இனிச் சொந்தக் கதை. 1997 கடைசியில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த பழைய காகிதச் சந்தையில், 'லிட்டில் சீசர்' காட்சி அட்டை ஒன்றைப் பார்த்தேன். எட்வர்ட் ஜி. ராபின்சன் கையில் துப்பாக்கியோடு. (சினிமாவில் அத்தனை பேரைச் சுட்ட அவர், நிஜத்தில் வெடிச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வாராம், இமையில் டேப் ஒட்டிப் படமெடுத்தார்கள் என்று சொல்வார்கள். உயர்ந்த ஓவியங்களைச் சேர்த்தவர். விவாகரத்தில் 1957இல் அந்தச் சேகரத்தை விற்க நேர்ந்தது. சேர்ப்பவன் வலி அவருக்குத் தெரியும்.) விலை 1,400 டாலர். எவ்வளவு பேரம் பேசியும் வியாபாரி இறங்கவில்லை. "இன்னொருத்தர் கேட்டுட்டுப் போயிருக்கார்" என்றார். உலகம் முழுக்க வியாபாரிகளுக்கு இந்த ஒரே வசனம்தான்.

அந்த 1,400 டாலர் என் விமான டிக்கெட்டுக்காக ஒதுக்கிய பணம். 1998இல் எங்கள் பிரிவின் வெள்ளிவிழாச் சந்திப்பு. என் விடுதி அறைத்தோழன் எழுதியிருந்தான்: "வாடா, இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. பழைய மெஸ்ஸுல உக்காந்து ஒரு காபி குடிப்போம்." நான் அட்டையை வாங்கினேன். அவனுக்கு "அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன்" என்று எழுதினேன்.

1999 மே மாதம் அவன் மாரடைப்பில் போய்விட்டான்.

அதே வருஷ இறுதியில், என்னைவிட அனுபவமுள்ள ஒரு சேகரிப்பாளர் வீட்டுக்கு வந்தார். அட்டையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து புற ஊதா விளக்கை எடுத்துக் காட்டினார். சார்லி சான் அட்டை மங்கலாக, அழுக்கு மஞ்சளாகக் கிடந்தது. 'லிட்டில் சீசர்' நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தது. எனக்கு வயிறு கலங்கியது. ஏனென்றால் அது என்னவென்று எனக்கே தெரியும். நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்கு டினோபால் போடுவோமே, அதே இனத்து ரசாயனம். காகிதத்தில் அதைச் சேர்க்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. 1931இன் அட்டை டினோபால் போட்ட வேட்டி மாதிரி மின்னக் கூடாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பிற்கால அச்சின் புள்ளிகளும் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அக்காலத்துப் பல அட்டைகள் ஜெலட்டின் தகட்டில் அச்சானவை. அவற்றில் இந்த ஒழுங்கான புள்ளி வரிசை இருக்காது. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியவன், வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

வியாபாரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. பணம் போனது போகட்டும். ஒரு போலி அட்டைக்காக நிஜமான ஒரு காபியை விட்டேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

(சேர்க்க நினைக்கும் இளைஞர்களுக்கு இரண்டு வரி: அட்டையின் கீழ் வலது மூலையில் வருஷமும் எண்ணும் சாய்கோடிட்டு அச்சிட்டிருந்தால் அது 1940க்குப் பிந்தையது, விநியோகத்தை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் ஏற்ற பிறகு வந்தது. ஆங்கில 'ஆர்' எழுத்து முன்னால் இருந்தால் மறுவெளியீடு. அதுவும் அசல் காகிதம்தான், ஆனால் முதல் வெளியீட்டு விலை கொடுக்காதீர்கள். விளக்கும் கண்ணாடியும் இல்லாமல் சந்தைக்குப் போகாதீர்கள்.)

ஒரு நோட்டீஸ்

இதை ஏன் கல்லூரி மலரில் எழுதுகிறேன்? 1972 விடுதி நாள் விழாவில் ஒரு துப்பறியும் நாடகம் போட்டோம். என் அறைத்தோழன்தான் இன்ஸ்பெக்டர். என்.சி.சி. காக்கிச் சட்டை, யாரிடமோ இரவல் வாங்கிய தொப்பி. "குற்றவாளி இந்த அறையில்தான் இருக்கிறான்" என்று அவன் திரும்பியபோது ஒட்டுமீசை கீழே விழுந்தது. அவன் அசரவில்லை. குனிந்து எடுத்து, "இதோ முதல் தடயம்!" என்றான். ஹாலே அதிர்ந்தது. முதல்வர்கூடச் சிரித்துவிட்டார். அந்த நாடகத்துக்கு ரோஸ் நிறக் காகிதத்தில் நோட்டீஸ் அடித்தோம். நூறோ இருநூறோ. மெஸ் தூணில், நூலக வாசலில், பெண்கள் விடுதிச் சுவரில்கூட (இரவோடிரவாக) ஒட்டினோம்.

அவன் போன பிறகு அந்த நோட்டீஸைத் தேடினேன். எங்கள் பிரிவில் தொடர்பில் இருக்கும் அத்தனை பேரிடமும் கேட்டேன். கல்லூரி அலுவலகத்துக்கு எழுதினேன். ஒருவரிடமும் இல்லை. போட்டோ எடுத்தவர் யார் என்றே நினைவில்லை. கடல் தாண்டி யாரோ ஊரின் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக் காப்பாற்றியவன், என் அறைக் கதவில் நானே ஒட்டிய காகிதத்தைக் காப்பாற்றவில்லை.

'காளிதாஸ்' படத்தின் பிரதியும் இன்று இல்லை. நம் சினிமாவின் பழைய முகங்களை நாம் ஓரளவாவது பார்க்க முடிவது, பாட்டுப் புத்தகத்தையும் ஸ்டில்லையும் தூக்கிப் போடாத சிலரால்தான். 2016இல் மறைந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் அப்படிச் சேர்த்த ஒருவர். அவர் சேகரித்தவற்றைத் தமிழக அரசே வாங்கியது. பைத்தியம் என்று அவரையும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கு இந்த அட்டைகளில் ஆர்வம் இல்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை. மற்றதையெல்லாம் விற்றுவிடச் சொல்லியிருக்கிறேன். சார்லி சான் அட்டையை மட்டும் ஒரு திரைப்பட நூலகத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். இல்லாமல் போன படத்தின் அடையாளம் ஒரு தனி வீட்டில் இருக்கக் கூடாது. போலி 'லிட்டில் சீசர்' என் மேஜைக்கு எதிரே சுவரில் தொங்குகிறது. அது என் சொத்து, யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சந்திப்பு முடிந்ததும் அழைப்பிதழையும், நிகழ்ச்சி நிரலையும், ஏன், சாப்பாட்டு டோக்கனையும்கூட ஒன்றொன்று எடுத்து ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, நூலகத்தில் கொடுத்து வையுங்கள். செல்போனில் போட்டோ இருக்கிறதே என்பீர்கள். போன் மாறும்போது அதுவும் போகும். பழைய நண்பர்களுக்கும் சொல்கிறேன்: பரணில், டிரங்குப் பெட்டியில், பழைய ரெக்கார்டு நோட்டுக்குள் ஒரு ரோஸ் நிற நோட்டீஸ் மடித்துக் கிடந்தால், எந்த நிலையில் இருந்தாலும் சரி, சங்க முகவரிக்கு அனுப்புங்கள். விலை நான் கேட்க மாட்டேன். நீங்கள் சொல்வதைக் கொடுப்பேன்.

இந்த முறை டிக்கெட் வாங்கிவிட்டேன். மெஸ்ஸில் காபி குடிக்க வருகிறேன்.